கரிக்காத உப்பு

நெடும்பாத்தியில் உப்பு கரிக்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சோற்று வேளையில். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் குழம்பு சப்பென்று இருந்தது, எல்லார் வீட்டிலும் ஆண்கள் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார்கள், எல்லார் வீட்டிலும் பெண்கள் இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டார்கள், அதற்கு மேல் இன்னொரு கை, அதற்கு மேல் சிரட்டை சிரட்டையாக, கடைசியில் குழம்பு களி மாதிரி இறுகிச் சட்டியோடு ஒட்டிக்கொண்டதே தவிர நாக்கில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஊரைச் சுற்றி நாலா பக்கமும் உப்பளம். கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று விளைந்து கிடக்கிறது, அள்ளி வாயில் போட்டால் கூழாங்கல்லைச் சப்புகிற மாதிரி இருக்கிறது. உப்பு உப்பாகத்தான் இருந்தது, கரிப்பு மட்டும் கிளம்பிப் போயிருந்தது.

ஊர் முதலில் யார் மேல் குற்றம் என்று தேடியது. விளக்கு வைத்த பிறகு நெடும்பாத்தியில் யாரும் உப்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள், கடைக்குப் போனாலும் "வெள்ளையில ஒரு படி" என்றுதான் கேட்பார்கள், பேர் சொன்னால் அது கோபித்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. புதிதாக மளிகைக் கடை போட்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர், பாவம், விளக்கு வைத்த நேரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று கண்டுபிடித்து, வாரிக் குவித்த உப்பு அம்பாரத்துக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி விழுந்து கும்பிட வைத்தார்கள். அவரும் விழுந்தார், நெற்றியெல்லாம் உப்பு ஒட்ட எழுந்தார், கூட்டம் ஆளுக்கொரு கல்லை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தது, ஒன்றுமில்லை. பக்கத்து ஊரிலிருந்து உப்பு வாங்கிவந்தார்கள். ஓடைப் பாலம் வரைக்கும் கரித்தது, பாலம் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் அதுவும் வாயை மூடிக்கொண்டது. அடுத்த வாரத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. புளியைக் கூட்டினார்கள், மிளகாயைக் கூட்டினார்கள், தின்றார்கள், வேலைக்குப் போனார்கள்.

வெயிலுகந்தாளும் அப்படித்தான் போனாள். ஊரில் வெயிலு என்றால்தான் தெரியும். பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவள், அவள் புருஷன் முத்துமாலை அதைப் பெட்டியில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறவன். மகள் பொன்னுவுக்கு அப்போது பால்பல் முளைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் பால் குடிக்கிற பிள்ளை நறுக்கென்று கடித்தது, வெயிலு குனிந்து பார்த்தாள். ரத்தம் வந்திருந்தது. கடிக்கிறாள் என்று தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை, ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டுக்காரியைக் கடிக்கிற மாதிரி இருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

ரோஷம் கெட்டவனைப் பார்த்து, சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று கேட்பது நம் பக்கத்து வசவு. நெடும்பாத்தியில் அது வசவாக இல்லாமல் ஊர் நிலவரமாகிப்போனது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதங்கள் எரியாமல் போயின, கூலி குறைத்த மேஸ்திரியைப் பார்த்து வயிறு எரிவது அதற்குப் பிறகு நின்றது, மாமியாரும் மருமகளும் பாதிச் சண்டையில் எதற்குச் சண்டை என்று மறந்துபோய் ஆளுக்கொரு பக்கம் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். முப்பிடாதி அம்மன் கொடையில் பூக்குழி இறங்கினவர்கள் பஸ் நிலையத்தில் நடக்கிற மாதிரி நடந்து போனார்கள், ஒருவர் பாதி வழியில் நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார், அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அம்மன் யார் மேலும் வரவில்லை. நோகாமல் செய்கிற நேர்ச்சை அவளுக்கு எதற்கு? சாமியாடி கொஞ்ச நேரம் வேப்பிலையை வைத்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆனால் உப்பு செத்தது நம் நாக்கில்தான். கடலுக்கு அந்தப் பக்கம் அது உயிரோடு இருந்தது, உயிரோடு என்றால் அப்படி ஒரு உயிர். அங்கே குளிர்நாடுகளில் எல்லாம் இருந்தும் எதுவுமே மனசில் தைக்காமல் திரிந்துகொண்டிருந்த கனவான்கள் நெடும்பாத்தி உப்பில் ஒரு சிட்டிகை முட்டையில் தூவித் தின்றார்களாம், தின்ற கையோடு இறந்துபோன தாயாரை நினைத்துக்கொண்டார்களாம், இலை உதிர்ந்தால் கண் கலங்கினார்களாம், பகையாளியைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார்களாம். நெடும்பாத்தியிலிருந்து போன சொரணை எங்கே போனது என்று கேட்டால் அங்கேதான் போயிருந்தது. இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவர் உப்பை வாங்கிக் கப்பலேற்றுகிற கம்பெனியின் கணக்கப்பிள்ளை ஆவுடையப்பன். அவர் சொன்னதை ஊர் கேட்டுக்கொண்டது, அப்படியா என்றது. யாரும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை, கேட்க வேண்டுமென்றால் அதற்கும் கொஞ்சம் சொரணை வேண்டுமே.

அப்புறம் கப்பல் வந்தது. ஒன்று போக ஒன்று, துறைக்கு வெளியே வரிசைகட்டி நின்று சங்கு ஊதின. சங்குச் சத்தம் கேட்டால் நெடும்பாத்தியில் சோறு உண்டு என்று அர்த்தம், கைவேலையைப் போட்டுவிட்டு ஊரே துறைக்கு ஓடும். தார்ச்சாலை வந்தது, தெருவிளக்கு வந்தது, ஓட்டு வீடெல்லாம் மெத்தை வீடானது, ஒவ்வொரு வீட்டிலும் வெயில் உள்ளே வராதபடி கண்ணாடி ஜன்னலும் அதற்குள்ளே ஒரு குளிர்சாதனப் பெட்டியும் வந்தன. பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து மேடையேறி, இந்த நாட்டிலேயே வேகமாக வளர்ந்த ஊர் நெடும்பாத்திதான் என்று அறிவித்தார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "எது அய்யா வளந்திருக்கு?" என்று கேட்டார். குதர்க்கம் ஒன்றுமில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதிகாரி அம்பாரத்தைக் கை காட்டினார். அது அப்போதே கோயில் கோபுரத்தை மறைத்துக்கொண்டு நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள்.

உப்புக்கு அப்படி விலை இருக்கும்போது கம்பும் கத்தரியும் யாருக்கு வேண்டும்? மீன்பிடி வலைகள் உப்பு மூட்டைக்கு மேலே போர்த்துகிற போர்வையாயின, பனையேறிகள் கீழே இறங்கி வந்து பாத்தி மிதித்தார்கள், ஓடைக்கரையில் இருந்த கொஞ்ச நஞ்ச விளைநிலத்திலும் வரப்புக் கட்டி உப்புத் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். முத்துமாலையும் தங்கள் நிலத்தில் பாய்ச்சப் போவதாகச் சொன்னான்.

"கம்பு வெதைக்கிற நெலத்த உப்பாக்கிட்டா சோத்துக்கு என்ன செய்ய?" என்று வெயிலு கேட்டாள்.

"சோறுதான் லாரியில வருதுல்லா. காய்கறி வருது, தண்ணி வருது. நம்ம எதுக்கு மண்ணோட மல்லுக்கட்டணும்?"

"லாரி வரலைன்னா?"

"ஏன் வராம இருக்கும்? கப்பல் இருக்க மட்டும் லாரி இருக்கும்."

அவள் அங்கே ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். அந்த நிலம் அவள் அப்பா சீராகக் கொடுத்தது. சத்தம் போட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தவருடைய பேர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் இருக்குமே, அப்படி. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள், கோபம் வரவில்லை, சரி என்று சொல்லிவிட்டு அரிசி களைந்து போடப் போனாள்.

கிணறுகள் கெட்டது யாருக்கும் தெரியாமல் நடந்தது. வேறு எந்த ஊராக இருந்தாலும் கிணற்றில் உப்பு ஏறினால் முதல் மடக்கிலேயே துப்பிவிடுவார்கள். நெடும்பாத்திக்காரர்கள் மட்டும் நல்ல தண்ணீர் என்று நினைத்து மாதக்கணக்கில் குடித்தார்கள். முதலில் முருங்கை பட்டது, பிறகு தென்னை குருத்து கருகியது, பிறகு ஆடுகள் தொட்டியில் வாய் வைக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டன, அப்புறம்தான் ஆவுடையப்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடத்தைத் தூக்கிப்போய்க் குடித்துப் பார்த்து, கடல்தண்ணி என்றார். அதற்குப் பிறகு குடிக்கிற தண்ணீருக்கும் லாரிதான். கம்பெனிக் கடையில் கப்பலில் வந்த ஊறுகாய் விற்றார்கள், புட்டியில் நெடும்பாத்தி உப்பில் ஊறியது என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. பெருமைக்காக எல்லாரும் வாங்கினார்கள். அதுவும் கரிக்கவில்லை.

பொன்னு அழாமல் வளர்ந்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான், முழங்கால் சிராய்த்தால் குனிந்து பார்ப்பார்கள், சிவப்பாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள், ஓடிவிடுவார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் வலி என்று ஒரு சொல் வந்தது. வாத்தியார் அதைப் பனிக்கரடியை விளக்குகிற மாதிரி விளக்கினார், உலகத்தில் வேறு இடங்களில் உண்டு என்றார். பரீட்சையில் பொன்னு அதற்குச் சரியான விடை எழுதினாள்.

முத்துமாலை அம்பாரத்துக்குள் போய்விட்டான். அவ்வளவு உயரம் குவித்ததால் ஒரு பக்கம் சரிந்தது, கீழே நின்றவன் மேல் விழுந்தது, தோண்டி எடுத்தபோது ஆள் வெள்ளையாக இருந்தான், கண் இமையில்கூட உப்பு. இழவுக்கு ஒப்பாரி வைக்கிற பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்து, ராகம் தப்பாமல், ஒரு அடி விடாமல் முழுவதும் பாடினார்கள், பாடி முடித்துவிட்டுக் காப்பி குடித்தார்கள். வெயிலு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரிக்கு அரிசி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷம் ஒரே பாயில் படுத்தவன் செத்துக் கிடக்கும்போது அரிசியை யோசிப்பது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷத்தோடு கப்பல் வருவது குறைந்தது, அடுத்த வருஷம் நின்றேபோனது. ஊர் செய்த பிழை எதுவும் இல்லை, உப்பும் முன்னைவிட வெள்ளையாகத்தான் விளைந்தது. குளிர்நாட்டுக்காரர்களுக்கு அழுது அழுது அலுத்துவிட்டதாம். இப்போது வேறொரு நாட்டில் ஒரு தேன் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஒரு துளி நக்கினால் எல்லாம் மறந்து போகிறதாம், அதைத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள் என்று ஆவுடையப்பன் வந்து சொன்னார். மர நிழலில் கூட்டம் போட்டார்கள். நெடும்பாத்தியில் அப்போது மரம் இல்லை, ஆனாலும் கூட்டத்துக்கு அதுதான் பேர், கம்பெனிக் கொட்டகையின் தகர நிழலில் உட்கார்ந்தார்கள்.

"இனி என்ன செய்ய?" என்றார் ஆவுடையப்பன்.

"என்ன செய்ய, வாரிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார்கள். "வராம எங்க போவாவ? இத்தனை வருசமா நம்ம உப்பைத் தின்னிருக்காவல்லா."

இந்த ஒரு வார்த்தையில்தான் ஊர் ஏமாந்தது. ஒருவன் வீட்டு உப்பைத் தின்றால் அவனுக்குக் கடைசி வரைக்கும் விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது நமக்குப் பிறப்பிலேயே வந்த புத்தி. யார் உப்பைத் தின்கிறாய் என்று முதலாளி வேலைக்காரனைக் கேட்பான். நெடும்பாத்திக்காரர்கள் அதைக் கடலுக்கு அப்பால் இருந்தவர்களிடம் நம்பினார்கள், காசு கொடுத்துத் தின்றவனுக்கு அந்தக் கணக்குக் கிடையாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனவே கோபப்படவில்லை, பயப்படவும் இல்லை, அதற்கெல்லாம் அவர்களிடம் சரக்கு இல்லை. காலையில் போய் வாரினார்கள், அம்பாரத்தில் கொட்டினார்கள், கொஞ்ச நேரம் துறைப்பக்கம் காதைக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்தார்கள். அம்பாரம் முதல் தெருவை மூடியது. அங்கே இருந்தவர்கள் இரண்டாம் தெருவுக்குக் குடி வந்தார்கள். அரிசி லாரி எப்போதாவது வந்தது, தண்ணீர் லாரி அதைவிட எப்போதாவது.

பொன்னுவின் கால் கறுத்தது அந்தச் சமயத்தில்தான். அப்பனுக்குப் பதிலாக அவள் பெட்டி சுமந்துகொண்டிருந்தாள். பாத்தியில் கிடந்த துருப்பிடித்த தகடு இடது பாதத்தில் ஏறி உள்ளேயே உடைந்திருந்தது, அதோடு எத்தனை காலம் நடந்தாளோ அவளுக்கே தெரியாது. ஒருநாள் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவும்போது வெயிலு பார்த்தாள். விரல்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன.

"ஏ பிள்ள, இது எப்பருந்து இப்பிடிக் கெடக்கு?"

"தெரியலம்மா. அழகாத்தான இருக்கு?" என்றாள் பொன்னு.

கம்பெனி ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த ஒரே டாக்டர் அந்த வாரத்தோடு ஊரை விட்டுப் போகிறவராக இருந்தார். நடுவயசுக்காரர், தினமும் சாயங்காலம் பாலம் தாண்டிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர், அதனால் இன்னும் கொஞ்சம் சிடுசிடுப்பு பாக்கி இருந்தது. தகட்டை எடுத்தார், கட்டுப் போட்டார், கட்டை அவிழ்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"வெளியூர்ல ஒரு காலைப் பாத்தா எனக்குத் தெரியும்மா. ஊசியால தொட்டா கத்துவாங்க, அப்ப அது உசுரோட இருக்குன்னு அர்த்தம், நான் கத்தியைத் தொட மாட்டேன். உங்க ஊர்ல நெஞ்சுல குத்தினாலும் பேசாம பாத்துக்கிட்டு இருக்கீங்க. எது செத்தது, எது சாகலைன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? நிறத்தைப் பாத்துத்தான் முடிவெடுக்கணும். நிறம் நல்லால்ல. வெள்ளிக்கிழமை கணுக்காலோட எடுத்துடலாம், விட்டா மேல ஏறிடும்."

வெயிலு வீட்டுக்கு வந்து மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஊசி பட்டதும் வலிக்குது என்று சொல்ல வேண்டும், உரக்கச் சொல்ல வேண்டும். பொன்னு கெட்டிக்காரி, மறுநாளே போய் டாக்டர் ஊசியைக் கையில் எடுக்கும் முன்னாலேயே, "வலிக்குது சார்" என்றாள், வருகைப் பதிவுக்கு உள்ளேன் அய்யா சொல்கிற குரலில். டாக்டர் அவளையும் அவள் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

கால் போனால் பாத்தி இல்லை, பாத்தி இல்லாவிட்டால் நெடும்பாத்தியில் அவளுக்கு ஒன்றுமே இல்லை, பாலம் தாண்டி நடந்து போய் எங்காவது பிழைக்கலாம் என்றால் அதற்கும் கால் வேண்டும். வெயிலு இதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஏதாவது அசைகிறதா என்று கை வைத்துப் பார்த்தாள், வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளையின் காலை வெட்டப் போகிறார்கள், நான் இங்கே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன் என்று நினைத்தாள், வெங்காயமும் கண்ணைக் கரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் குளிர்நாட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்து இறங்கினாள். கப்பலில் வரவில்லை, ஜீப்பில் வந்தாள், கூடப் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு பட்டணத்துப் பெண். அந்த அம்மாள் நெடும்பாத்தி உப்பை மற்றவர்களைவிட அதிக காலம், அதிக அளவில் தின்றவளாம், தேனுக்கு மாறாத மிகச் சிலரில் ஒருத்தியாம், தனக்கு இவ்வளவு கொடுத்த ஊரை ஒருதரம் கண்ணால் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். அம்பாரத்தைப் பார்த்து அழுதாள். பட்டுப்போன தென்னையைப் பார்த்து அழுதாள். ஊரார் மரியாதைக்காகப் பின்னாலேயே போனார்கள், அவள் எங்கே நின்று அழுகிறாளோ அங்கே நின்று, அந்தப் பொருளை இவர்களும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் மட்டும் பட்டணத்துப் பெண்ணிடம் மெல்லக் கேட்டார், கப்பல் எப்போது வரும் என்று. அவள் அதை மாற்றிச் சொன்னாள், அந்த அம்மாள் அதற்கும் அழுதாள். சற்று நேரத்தில் கூட்டம் அவரவர் வேலைக்குக் கலைந்தது.

கடைசியாக வெயிலு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பொன்னு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். அந்த அம்மாள் கீழே மண்டியிட்டு அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, தன் மொழியில் என்னென்னவோ சொன்னாள்.

"எப்படித் தாங்குறீங்கன்னு கேக்கறாங்க" என்றாள் பட்டணத்துப் பெண்.

"எதை?" என்றாள் வெயிலு.

அவள் அந்த அம்மாளின் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கண்ணிலிருந்து கிளம்பி மூக்கோரம் இறங்கி, வாய்க்காலில் போகிற மாதிரி ஒரே தடத்தில் போய் முகவாயில் சொட்டியது. எத்தனையோ வருஷம் பாத்தியில் தண்ணீரின் பதம் பார்த்த கை வெயிலுவின் கை. தண்ணீர் முற்றிவிட்டதா, வாரலாமா என்று விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம், கரிப்பு போன பிறகும் கை அதை விடவில்லை. அந்தக் கை தன்பாட்டுக்கு நீண்டு கன்னத்தைத் தொட்டது. தனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்து அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். வெயிலு விரலை நாக்கில் வைத்தாள்.

கரித்தது.

கரித்ததும் முதலில் பாதம் எரிந்தது, இரண்டு பாதமும், அத்தனை வருஷத்து வெடிப்பும் ஒரே நேரத்தில் எரிந்தது, மார்பில் பால்பல் கடித்த இடம் சுருக்கென்றது, கூலி குறைத்த மேஸ்திரியின் முகம் வந்தது, அப்பா கொடுத்த நிலம் கம்பும் குருவியுமாக வந்து அப்படியே வெள்ளையாகிப் போனது, முத்துமாலை கண் இமையில் உப்போடு வந்து படுத்தான், அவன் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியை யோசித்தவள் நானா என்று நினைத்தபோது அவளுக்குத் தாங்கவில்லை, நிலைக்காலைப் பிடித்துக்கொண்டாள், வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் கால் தெரிந்தது. பொன்னுவின் கால். நாளைக் காலையில் வெட்டப் போகிற கால். கர்ப்பத்தில் உதைத்த கால்.

வெயிலு மறுபடி விரலை நீட்டினாள். இந்தத் தடவை அந்த அம்மாள் கண்ணைத் திறந்து பின்னால் நகர்ந்தாள்.

"என்ன பண்றீங்க?" என்றாள் பட்டணத்துப் பெண்.

"பேசாம இரு தாயி. அந்தம்மாவ இன்னும் கொஞ்சம் அழச் சொல்லு. என் பிள்ளைக்கு வேணும்."

"அழச் சொல்றதா?"

"எங்க உப்புதான அது? ரெண்டு சொட்டுக் குடுத்துட்டுப் போகச் சொல்லு!"

அதை எப்படி மாற்றிச் சொன்னாளோ, கேட்ட ஆச்சரியத்தில் அந்த அம்மாளுக்கு அழுகை நின்றுபோனது. முகம் காய்ந்துகொண்டே வந்தது. முகவாயில் மட்டும் ஒரே ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலுவுக்கு அந்தச் சொட்டை எடுக்கப் பயமாக இருந்தது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த பயம். வலி என்றால் என்ன என்று அறியாத பிள்ளை, அறியாமலே இருந்துவிட்டால் நல்லது அல்லவா என்று அந்த நொடியில் தோன்றியது. ஒரு தாய்க்கு வேறு என்ன தோன்றும்? அப்படித் தோன்றும்போதே கை போய் அந்தச் சொட்டை வழித்து, பொன்னுவின் வாயைப் பிடித்துத் திறந்து நாக்கில் தடவிவிட்டது.

பொன்னு கொஞ்சம் சப்புக்கொட்டினாள். புருவத்தைச் சுருக்கினாள். அப்புறம் கத்தினாள்.

பால்பல் முளைத்த நாளுக்குப் பிறகு அவள் கத்தியதே இல்லை, அதனால் அந்தக் கத்தலுக்கு அளவு தெரியவில்லை, அது தெருவை நிறைத்து அம்பாரத்தில் மோதித் திரும்பியது. பாத்திகளில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இப்படி ஒரு சத்தத்தை அவர்கள் கேட்டு வெகு காலமாயிற்று. கப்பல் சங்கு என்று நினைத்தார்கள். பலகைகளையும் பெட்டிகளையும் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஊர் முழுக்கத் துறையைப் பார்த்து ஓடியது, ஆவுடையப்பன் முன்னால் ஓடினார், யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜீப்பும் கிளம்பிப் போனது.

"யம்மா, காலுக்குள்ள என்னமோ பூந்திருக்கு! எடும்மா, எடுத்துரும்மா!"

"அதுக்குப் பேருதான் வலி" என்றாள் வெயிலு. அவள் கண்ணிலிருந்து கொட்டியது பொன்னுவின் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. "கத்து மக்கா, நல்லாக் கத்து. டாக்டர் ஆஸ்பத்திரியிலதான் இருப்பாரு, கேக்கட்டும்."

காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு குதிகாலைத் தொட்டாள். பொன்னு அலறினாள். உள்ளங்காலைத் தொட்டாள், நாற்காலியோடு பின்னால் சாய்ந்து அலறினாள். பெருவிரல். "வலிக்கும்மா." அடுத்த விரல். "அங்கயும்." அதற்கடுத்தது. "தொடாதம்மா, தொடாத." நாலாவதைத் தொட்டபோது தாயின் கையைப் பிடித்துக் கடித்தே விட்டாள். வெயிலுவுக்கு வலித்தது, சிரிப்பும் வந்தது.

சுண்டுவிரலைத் தொட்டாள். பொன்னு, அம்மா அதை எப்போது தொடப் போகிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். வெயிலு அதை மறுபடி தொட்டாள்.